ஒளிரும் அலையும் உரச்சத்தும்: கடலில் எந்த மிதவையுயிரி தழைக்கும் என்பதை எது தீர்மானிக்கிறது?

கேள்வி, 20 அக்டோபர் 2024

நேற்று முன்தினம் இரவு நீலாங்கரைப் பக்கம் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததை நேரில் பார்த்தேன். அதற்குச் சில நாள் முன்புதான் சென்னையில் பெருமழை பெய்து, நகரத்தின் கழிவெல்லாம் ஆறுகள் வழியாகக் கடலில் இறங்கியது. உரம் கூடினால் பாசி கூடும். பாசி கூடினால் கடல் ஒளிரும். இதில் வேறு புதிர் எதுவும் இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

21 அக்டோபர் 2024

பாதியை ஏற்கிறேன், பாதியை மறுக்கிறேன். உரச்சத்து இல்லாமல் கடலில் எதுவும் தழைக்காது என்பது உண்மை. ஆனால் உரச்சத்து கூடியதும் தழைப்பது எது என்ற கேள்விக்கு உங்கள் வாக்கியத்தில் விடை இல்லை. கடலைப் பொறுத்தவரை அந்தக் கேள்விதான் பெரியது. டயட்டம் என்ற நுண்பாசி தழைத்தால் மீனுக்கு உணவு. வேறொன்று தழைத்தால் அதே பச்சை நிறம் மீனுக்கு மூச்சுத்திணறல்.

நான் மன்னார் வளைகுடாக் கரையில் பல ஆண்டுகள் பிளாங்டன் (மிதவையுயிரி) வலை இழுத்து, மாதிரிகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து எண்ணியவன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்: நீங்கள் பார்த்த ஒளிக்குக் காரணமான நாக்டிலூகா சின்டிலன்ஸ், நாம் பொதுவாகப் பாசி என்று நினைக்கும் பொருளில் பாசியே அல்ல. அது டைனோஃபிளாஜெல்லேட் வகையைச் சேர்ந்த ஒற்றைச் செல் உயிரி. தனக்கென்று பச்சையம் கிடையாது. டயட்டங்களையும், கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலிகளின் முட்டைகளையும் விழுங்கி வாழ்கிறது. கால் மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை வளர்வதால் வெறும் கண்ணுக்கே தெரியும். கண்ணாடிக் குடுவையில் எடுத்துப் பார்த்தால் வெந்த ஜவ்வரிசி போல உருண்டையாக, ஒளி ஊடுருவ, மேலே மிதந்துகொண்டிருக்கும். உடலின் பெரும்பகுதி அம்மோனியம் நிறைந்த குமிழாக இருப்பதால்தான் அது மூழ்குவதில்லை.

ஆகவே நகரக் கழிவிலுள்ள நைட்ரேட்டை நாக்டிலூகா நேரடியாக உண்டு பெருகியது என்று சொல்ல முடியாது. முதலில் உரச்சத்தைத் தின்று டயட்டம் பெருக வேண்டும். அதைத் தின்று நாக்டிலூகா பெருக வேண்டும். பிறகு காற்று தணிந்து, மிதக்கும் செல்கள் மேற்பரப்பில் சேர்ந்து, நீரோட்டம் அவற்றைக் கரைப்பக்கம் ஒதுக்க வேண்டும். இத்தனையும் வரிசையாக நடந்த பிறகுதான் அலை உடையும்போது அந்த நீல வெளிச்சம்.

22 அக்டோபர் 2024

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. பெருமழைக்கும் ஒளிர்வுக்கும் இடையே சில நாட்களே இருந்தன. டயட்டங்களுக்கு அந்த அவகாசம் போதும். நல்ல சூழலில் அவை நாளுக்கு ஒரு முறையோ அதற்கு மேலோ பிரியக்கூடியவை. நாக்டிலூகா அத்தனை வேகமானது அல்ல. ஒன்று இரண்டாகவே அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். எனவே அந்த மழையே முழு ஒளிர்வையும் உண்டாக்கியது என்று கொள்ள இடமில்லை. முன்பே கடலில் ஓரளவு சேர்ந்திருந்தவை மழைக்குப் பிந்தைய நாட்களில் கரைக்கு வந்தன என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 இரவும் சென்னைக் கடற்கரையில் இதே ஒளி தெரிந்தது. அது வடகிழக்குப் பருவமழை தொடங்காத காலம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

27 அக்டோபர் 2024

"அப்படியென்றால் எது தழைக்கும் என்பதை எது தீர்மானிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே வரியில் சொல்வதென்றால், நீர் எவ்வளவு கலங்குகிறது, அந்தக் கலக்கத்தோடு என்ன உரச்சத்து எந்த விகிதத்தில் வருகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான்.

ஸ்பெயின் நாட்டுச் சூழலியலாளர் ரமோன் மார்கலெஃப் 1978-இல் இதை ஒரு படமாகவே வரைந்து காட்டினார். ஓர் அச்சில் நீரின் கொந்தளிப்பு, மற்றோர் அச்சில் உரச்சத்து. இரண்டும் கூடிய மூலையில் டயட்டங்கள். இரண்டும் குறைந்த மூலையில் டைனோஃபிளாஜெல்லேட்டுகள். உரச்சத்து மிகுந்தும் நீர் அசையாமல் கிடக்கும் மூலையில்தான் கடலைச் செந்நிறமாக்கும் கேடான பெருக்கங்கள். அரை நூற்றாண்டு நெருங்கியும் அந்தப் படம் பயன்படுவதற்குக் காரணம், அது உயிரிகளின் உடலமைப்பிலிருந்து எழுந்தது என்பதுதான்.

டயட்டத்தின் உடலைப் பாருங்கள். சிலிக்கா ஓடு, நீரைவிடக் கனம், நீந்துவதற்கு உறுப்பு ஒன்றும் இல்லை. அசையாத நீரில் அது மெல்ல மெல்ல ஒளி எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். அதை மேலே வைத்திருப்பது கொந்தளிப்பு. அதே கொந்தளிப்புதான் அடியிலிருந்து நைட்ரேட்டையும் சிலிக்கேட்டையும் தூக்கிக்கொண்டு வருகிறது. டைனோஃபிளாஜெல்லேட்டுக்கு இரண்டு கசையிழைகள் உண்டு. பகலில் ஒளிக்கு மேலேறவும் இரவில் உரச்சத்துக்குக் கீழிறங்கவும் பலவற்றால் முடியும். அமைதியான, அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கும் நீரில் அந்தத் திறமைக்குப் பலன் கிடைக்கிறது. புரளும் நீரில் அது வீண்.

கச்சான் எனப்படும் தென்மேற்குப் பருவக் காற்று வலுத்த மாதங்களில் வலை இழுத்தால் இதைக் கையாலேயே உணரலாம். கீட்டோசெரஸ் என்ற டயட்டம் சங்கிலியாக வளரும். ஒவ்வொரு செல்லிலிருந்தும் நீண்ட முட்கள் கிளம்பும். அது மிகுந்த நாளில் வலையின் கண்கள் அடைபட்டு, நீர் வடியாமல், பழுப்பு நிறக் கூழ் அடியில் தேங்கி நிற்கும். நுண்ணோக்கியில் வைத்தால் ஒரு முள் மற்றொரு முள்ளோடு பின்னி, தனிச் சங்கிலியாகப் பிரித்து எண்ணுவதற்கே நெடுநேரம் பிடிக்கும். காற்று விழுந்த மாதத்தில் அதே இடத்தில், அதே வலையில், நீர் சட்டென்று வடிந்துவிடும். குடுவையில் கிடைப்பவை செராஷியம் போன்ற கொம்புள்ள டைனோஃபிளாஜெல்லேட்டுகளும் சில பெரிய டயட்டங்களும் மட்டுமே. கடல் அதே கடல். கரையிலிருந்து இறங்கும் கழிவும் ஏறக்குறைய அதேதான். மாறியது காற்று.

3 நவம்பர் 2024

இன்னொரு வாசகர் கேட்கிறார்: கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று இத்தனை ஆறுகள் உரச்சத்தைக் கொண்டுவந்து கொட்டும் வங்கக் கடல், அவ்வளவு ஆற்றுநீர் வந்து சேராத அரபிக் கடலைவிடப் பசுமையாக அல்லவா இருக்க வேண்டும்?

மிக நல்ல கேள்வி. உண்மை நேர்மாறாக இருக்கிறது. இதே கேள்வியைத் தலைப்பாகவே வைத்து கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த பிரசன்ன குமாரும் அவருடைய குழுவினரும் 2002-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். தென்மேற்குப் பருவத்தில் அரபிக் கடலின் மேல் ஃபின்ட்லேட்டர் தாரை என்ற கடுங்காற்று வீசுகிறது. சோமாலியா, ஓமன் கரைகளில் அது மேல்நீரைக் கரையிலிருந்து விலக்க, ஆழத்துக் குளிர்நீர் உரச்சத்தோடு மேலெழுகிறது. வெப்பமண்டலக் கடலாக இருந்தும் சோமாலியக் கரையில் அப்போது நீரின் வெப்பம் 22 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்கும். கேரளக் கரையிலும், அதைவிட மெலிந்த அளவில், மேலெழுச்சி உண்டு. குளிர்காலத்தில் வடக்கு அரபிக் கடலில் வேறொரு வழி திறக்கிறது. நிலத்திலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று மேல்நீரை ஆவியாக்கிக் குளிர்வித்துக் கனமாக்க, அது கீழிறங்கி அடிநீரோடு கலக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை அடியிலிருந்து உரச்சத்து எழும் கடல் அது.

வங்கக் கடலில் ஆற்றுநீரும் மழைநீரும் உப்பு குறைந்த, கனம் குறைந்த ஒரு மேலடுக்காகப் பரவிக் கிடக்கின்றன. பருவமழை முடியும் தறுவாயில் வடக்குப் பகுதியின் மேற்பரப்பில் உப்புத்தன்மை (ஒரு கிலோ நீரில் எத்தனை கிராம் உப்பு என்ற கணக்கில்) 30-க்கும் கீழே போய்விடும். அரபிக் கடலில் அது 36 அளவில் இருக்கும். இங்கு வீசும் காற்றுக்கு இந்த மேலடுக்கைக் கிழித்து அடிநீரை எடுத்துவரும் வலு இல்லை. ஆறு கொண்டுவரும் உரச்சத்தின் பெரும்பகுதி முகத்துவாரங்களையும் கரையோரத்தையும் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. ஆற்றின் வண்டலும் பருவகால மேகமும் ஒளியையும் குறைக்கின்றன. ஆக, உரம் தருவதாக நாம் நினைக்கும் ஆறுகளே உரம் மேலே வரும் வழியை அடைக்கின்றன.

இந்தச் சூழலில் வங்கக் கடலின் நடுப்பகுதியில் வாழ்பவை பெரும்பாலும் மிகச் சிறியவை. 1980-களின் பிற்பகுதியில்தான் உலகுக்குத் தெரியவந்த புரோக்குளோரோகாக்கஸ் அவற்றுள் ஒன்று. அதன் அகலம் ஒரு மைக்ரான்கூட இல்லை. செல் சிறுக்கச் சிறுக்க, அதன் கனத்தோடு ஒப்பிட மேற்பரப்பு கூடுகிறது. அற்ப சொற்ப உரச்சத்தையும் அதனால் உறிஞ்ச முடிகிறது. டயட்டங்கள் அங்கே பட்டினி கிடக்கும்.

4 நவம்பர் 2024

வங்கக் கடல் எப்போதும் வறண்டது என்று நேற்றைய குறிப்பிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று, அங்கங்கே சுழலும் நீர்ச்சுழல்கள். இடஞ்சுழியாகச் சுழல்பவை நடுவில் அடிநீரை உயர்த்துகின்றன. அங்கே டயட்டங்கள் தலையெடுக்கின்றன. மற்றொன்று, புயல். 1999 அக்டோபர் இறுதியில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயல் கடந்துபோன தடத்தில் பச்சையம் கூடியிருந்ததை, அதே ஆண்டு மே மாதம் ஏவப்பட்ட ஓஷன்சாட்-1 செயற்கைக்கோள் பதிவு செய்தது. கரையில் பல்லாயிரம் உயிர்களைக் குடித்த காற்று கடலின் மேலடுக்கைக் கிழித்திருந்தது.

செயற்கைக்கோள் என்றதும் ஓர் எச்சரிக்கை. அது காண்பது மேலே உள்ள சில மீட்டர்களிலிருந்து, தெளிந்த கடலில் சில பத்து மீட்டர்களிலிருந்து, திரும்பும் நிறத்தை மட்டுமே. வங்கக் கடலில் பச்சையம் மிகுந்திருக்கும் அடுக்கு பெரும்பாலும் மேற்பரப்பில் இல்லை. ஒளி மங்கத் தொடங்கி உரச்சத்து எட்டத் தொடங்கும் நடுஆழத்தில், ஏறத்தாழ 40 முதல் 80 மீட்டருக்குள் அது ஒளிந்திருக்கிறது. வானிலிருந்து எடுத்த படத்தில் நீலமாகத் தெரிகிறது என்பதற்காக அடியில் ஒன்றும் இல்லை என்று கொள்ளக் கூடாது.

10 நவம்பர் 2024

அக்டோபர் 27 குறிப்பைத் திரும்பப் படித்தேன். கலக்கம் மிகுந்தால் டயட்டம் மிகும் என்று அது முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும் விதியைப் போல ஒலிக்கிறது. எல்லை உண்டு. நார்வே நாட்டுக் கடலியலாளர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப் 1953-இல் வகுத்த கணக்கு அதைச் சொல்கிறது: நீர் மிக ஆழமாகப் புரண்டால் செல்கள் ஒளியில் இருக்கும் நேரத்தைவிட இருளில் இருக்கும் நேரம் மிகுந்து, ஒளிச்சேர்க்கையில் ஈட்டியதை மூச்சிலேயே செலவழித்துவிடும். வடக்கு அட்லாண்டிக்கில் குளிர்காலம் முழுவதும் உரச்சத்து நிறைந்திருந்தும், நீர் அமைதியடையும் வசந்தத்தில்தான் பெருக்கம் வருவதற்கு அவர் தந்த விளக்கம் அது. விலங்கு மிதவையுயிரிகள் மேய்வதையும் சேர்க்க வேண்டும் என்று பிற்காலத்தில் பலர் வாதிட்டார்கள். அந்த வாதம் நியாயமானது. இருந்தாலும் ஒளிக்கும் கலக்கத்துக்கும் இடையிலான இழுபறி இல்லாமல் போகவில்லை. நம் வெப்பக் கடல்களில் ஒளிக்குப் பஞ்சம் குறைவு, அடிநீருக்குப் பஞ்சம் மிகுதி. அதனால் கலக்கம் பெரும்பாலும் நன்மையாகவே முடிகிறது. உயர் அகலாங்குகளில் தராசு மறுபக்கம் சாயும்.

16 நவம்பர் 2024

"எந்த விகிதத்தில்" என்று நான் சொன்னதை விளக்கச் சொல்லி இருவர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் கண்ட விகிதம் பலருக்குத் தெரிந்திருக்கும்: மிதவையுயிரிகளின் உடலில் சராசரியாக 106 பங்கு கார்பனுக்கு 16 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ். டயட்டத்துக்கு இவை போதாது. ஏறத்தாழ நைட்ரஜன் அளவுக்குச் சிலிக்கானும் வேண்டும். நைட்ரேட் மிகுந்து சிலிக்கேட் தீர்ந்துபோன நீரில் டயட்டம் ஓடு கட்ட முடியாமல் நிற்க, ஓடு தேவைப்படாத மற்றவை மிச்சத்தைத் தின்று தழைக்கும். சாக்கடை நீரிலும் வயல் உரத்திலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏராளம். அந்த அளவுக்குச் சிலிக்கேட் கிடையாது. சிலிக்கேட் பாறையும் மண்ணும் கரைந்து ஆற்றில் வருவது. ஆகவே, கேள்வி கேட்ட நண்பரே, நகரக் கழிவு பற்றிய உங்கள் கவலை தவறானது அல்ல. அது செய்யும் கேட்டின் பெரும்பகுதி பாசியைக் கூட்டுவதில் இல்லை. எந்தப் பாசி என்பதை மாற்றுவதில்தான் இருக்கிறது.

கருங்கடலில் இது பெரிய அளவில் நடந்தது. டான்யூப் ஆற்றிலும் அதன் துணையாறுகளிலும் அணைகள் எழுந்த பிறகு, நீர்த்தேக்கங்களில் டயட்டங்களே சிலிக்கேட்டைத் தின்று அடியில் படிந்துவிட, கடலுக்கு வரும் சிலிக்கேட் குறைந்தது. அதே காலத்தில் வயல்களிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடின. டயட்டங்களின் பங்கு சுருங்கி, சிலிக்கா ஓடு இல்லாத டைனோஃபிளாஜெல்லேட்டுகளும் காக்கோலித்தோஃபோர்களும் பெருகின.

இதைவிடத் தெளிவான சான்று அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலிலிருந்து. அங்கே நைட்ரேட் நிறைய உண்டு, இரும்பு கிடையாது. இரும்பு இல்லாததால் நைட்ரேட் வீணாகக் கிடக்கிறது என்று 1980-களின் இறுதியில் ஜான் மார்ட்டின் காட்டினார். பிறகு பல குழுக்கள் கடலில் இரும்பைக் கரைத்துப் பார்த்தன. அவற்றுள் இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் கப்பல் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியக் கப்பல்தான். 2004-இல் நடந்த ஐஃபெக்ஸ் சோதனையில் நீரில் சிலிக்கேட் இருந்தது, டயட்டங்கள் பெருகின, பெருகியவற்றில் பாதிக்கு மேல் 1,000 மீட்டருக்கும் கீழே மூழ்கின. 2009-இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்திய லோஹாஃபெக்ஸ் சோதனையில் கொட்டியதும் இரும்புதான். ஆனால் அந்த நீரில் சிலிக்கேட் தீர்ந்திருந்தது. பெருகியவை சிறு கசையுயிரிகள். கோப்பிபாட்டுகள் அவற்றை மேய்ந்தன. கோப்பிபாட்டுகளை, அவற்றைவிடப் பெரிய ஓட்டுடலிகளான ஆம்ஃபிபாடுகள் தின்றன. ஆழத்துக்குப் போன கார்பன் மிகச் சொற்பம். கோவா நிறுவனத்தின் வாஜிஹ் நக்வியும் இந்தியாவில் பிறந்த விக்டர் ஸ்மெட்டாசெக்கும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். கடலில் இரும்பைத் தூவிப் புவியின் வெப்பத்தைக் குறைத்துவிடலாம் என்ற ஆசைக்கு அது பெரும் பின்னடைவாக அமைந்தது. என் கண்ணுக்கு அது தோல்வி அல்ல. யார் பெருகுவார் என்பதை இரும்பு முடிவு செய்யவில்லை, சிலிக்கேட் முடிவு செய்தது என்று இத்தனை துல்லியமாகக் காட்டிய கடற்சோதனையை வேறெங்கும் நான் படித்ததில்லை.

9 டிசம்பர் 2024

அரபிக் கடலின் குளிர்காலப் பெருக்கம் பற்றி நவம்பர் 3-இல் எழுதியதில் முக்கியமான மாற்றம் ஒன்றை விட்டுவிட்டு மேலே போக மனமில்லை. முன்பெல்லாம் அந்தப் பெருக்கத்தில் டயட்டங்களே முதன்மை. 2000-த்துக்குப் பிறகு அந்த இடத்தைப் பச்சை நாக்டிலூகா பிடித்துக்கொண்டிருக்கிறது. முதல் குறிப்பில் நாக்டிலூகாவுக்கு எனப் பச்சையம் இல்லை என்றேன். இந்த வகை தன் குமிழுக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய பச்சை உயிரிகளை உயிரோடு வளர்க்கிறது. அவை ஒளிச்சேர்க்கை செய்து அதற்கு உணவூட்டுகின்றன. கிடைத்தால் வேட்டை, கிடைக்காவிட்டால் உள்ளேயே விளைச்சல்.

ஏன் இந்த மாற்றம் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஆக்சிஜன் குறைந்த ஆழநீர் மேலே பரவுவதால் இந்தக் கூட்டணிக்குச் சாதகம் என்று ஹெல்கா கோம்ஸ், ஜோவாகிம் கோஸ் குழுவினர் 2014-இல் எழுதினார்கள். 2020-இல் அவர்களே, இமயமலை, திபெத் பீடபூமிப் பனி குறைவதால் குளிர்காற்று இளகி, நீர்க்கலப்பு தளர்ந்து, டயட்டத்துக்கு உரச்சத்து குறைகிறது என்ற வாதத்தையும் முன்வைத்தார்கள். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனத்தினர், ஆக்சிஜன் குறையாத நீரிலும் அதே பெருக்கம் வருவதை 2018-இல் காட்டினார்கள். இரு தரப்பையும் படித்த பிறகு எனக்குச் சிலிக்கேட்டும் கலப்பின் தளர்வும் நம்பத்தக்க காரணங்களாகத் தெரிகின்றன. ஆக்சிஜன் குறைவு இந்தப் பெருக்கத்தின் காரணமா விளைவா என்பதில் ஐயம் நீங்கவில்லை.

விளைவில் ஐயம் இல்லை. நாக்டிலூகாவைத் தின்பவை பெரும்பாலும் சால்ப் போன்ற இழுது உயிரிகள். டயட்டத்திலிருந்து கோப்பிபாட், அதிலிருந்து மீன் என்ற சங்கிலி அங்கே அறுந்துபோகிறது.

12 ஜனவரி 2025

மண்டபம் பற்றி எழுதாமல் இதைத் தொடர முடியவில்லை. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் பச்சை நாக்டிலூகா பெருகியது. உள்ளூரில் அதைப் பூங்கோரை என்பார்கள். சிங்கிள் தீவு, குருசடைத் தீவு பகுதிகளில் நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. பாறைகளை ஒட்டி வாழும் மீன்கள் செத்து ஒதுங்கின. அக்ரோபோரா, மாண்டிபோரா, போசில்லோபோரா ஆகிய, வேகமாக வளரும் பவளங்கள் பெருமளவில் மடிந்தன. 2008 அக்டோபரிலும் அந்தக் கடலில் இதே உயிரி பவளங்களைக் கொன்றிருக்கிறது.

அங்கே நச்சு என்று எதுவும் தேவைப்படவில்லை. காற்று விழுந்த பருவமாற்றக் காலம். தீவுகளுக்கும் கரைக்கும் இடையே ஆழமில்லாத, மெதுவாக மாறும் நீர். அதற்கு முந்திய மாதங்களில் தென்மேற்குப் பருவக் காற்றால் குமரிமுனைப் பக்கம் எழுந்து, நீரோட்டத்தோடு சுற்றிவந்த உரச்சத்து. பெருகியவை செத்து அடியில் படிந்து அழுகும்போது, பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. இரவில் ஒளிச்சேர்க்கையும் நின்றுவிட, விடியற்காலையில்தான் நிலைமை மிக மோசமாகும். நண்பகலில் மட்டும் ஆக்சிஜன் அளந்து "எல்லாம் சரி" என்று எழுதும் வழக்கத்தை நான் எங்கே கண்டாலும் எதிர்ப்பது இதனால்தான்.

திறந்த கடலில் இதே பெருக்கம் வந்திருந்தால் கலைந்து போயிருக்கும். பவளங்களைக் கொன்றது உயிரியின் குணம் பாதி, இடத்தின் ஆழமும் காற்றின் ஓய்வும் பாதி.

2 பிப்ரவரி 2025

"பச்சையம் மிகுந்த இடத்தில் மீன் கிடைக்கும் என்றுதானே இன்காய்ஸ் மீன்பிடி அறிவிப்பு தருகிறது? நீங்கள் சொல்வது அதற்கு முரண் அல்லவா?" என்ற கேள்விக்கு: முரண் இல்லை. அந்த அறிவிப்பு பச்சையத்தையும் கடல் வெப்பம் சட்டென்று மாறும் எல்லைகளையும் சேர்த்துப் பார்க்கிறது. பெரும்பாலான நாட்களில் பச்சையம் என்றால் உணவு என்பதும் சரி. எந்த உயிரியின் பச்சையம் என்பதையும் சேர்த்துக் காண்பது அடுத்த படி. பாசிப் பெருக்கத்துக்கெனத் தனி அறிவிப்புச் சேவையையும் அதே நிறுவனம் நடத்துகிறது.

இது புதிய சிந்தனையும் அல்ல. ஃபிராகிலேரியா ஓஷியானிகா என்ற ஒரே டயட்டத்தின் வரவை வைத்து மத்தி மீன் வரவைச் சொல்லலாம் என்று நாயரும் சுப்பிரமணியனும் 1955-இலேயே எழுதினார்கள். ஆர். சுப்பிரமணியன் சென்னைக் கடற்கரையின் டயட்டங்களை 1946-இல் வகைப்படுத்தி வெளியிட்டவர். செயற்கைக்கோள் இல்லாத காலத்தில், நுண்ணோக்கி ஒன்றையே துணையாகக் கொண்டு, "எவ்வளவு" என்பதோடு நில்லாமல் "எது" என்று கேட்டவர்கள் அவர்கள். 1947-இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பழைய அறிக்கைகளைப் புரட்டும்போதெல்லாம் அந்தப் பொறுமையை எண்ணி நெகிழ்கிறேன். இன்று இனங்களை நுண்ணோக்கியில் அடையாளம் காணத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையான கவலை.

3 பிப்ரவரி 2025

கடல் வெப்பமாவதால் மிதவையுயிரி குறைகிறதா கூடுகிறதா என்று ஒருவர் சுருக்கமாக விடை கேட்கிறார். மேற்கு இந்தியப் பெருங்கடலில் கூடுகிறது என்று 2005-இல் ஒரு கட்டுரை. ஆறு பத்தாண்டுகளில் 20 விழுக்காடு வரை குறைந்தது என்று ராக்ஸி மேத்யூ கோலும் குழுவினரும் 2016-இல் ஒரு கட்டுரை. முதலாவது 1997-க்குப் பிந்தைய சில ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. குறுகிய காலத்தை வைத்து நீண்ட போக்கைச் சொல்லக் கூடாது என்பதால் இரண்டாவதன் பக்கமே நான் நிற்கிறேன். வெப்பமான மேலடுக்கு அடிநீரைத் தடுக்கும். வங்கக் கடலில் நன்னீர் செய்வதை அங்கே வெப்பம் செய்கிறது.

18 மார்ச் 2025

இது டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசியின் காலம் என்பதால் அதற்கு ஒரு குறிப்பு. மாசி, பங்குனியில் காற்று அடங்கி, நீர் தெளிந்து, வெயில் ஏறிய கடலில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் நீண்ட கோடுகள் மிதக்கும். மாலுமிகள் இதைக் கடலின் மரத்தூள் என்றார்கள். குக் தளபதியின் எண்டவர் கப்பல் 1770-இல் ஆஸ்திரேலியக் கரையில் கண்டதும் இதைத்தான். படகிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணெய்க் கசிவு என்று அஞ்சிப் புகார் சொல்வதும் உண்டு.

உரம் கூடினால்தான் பாசி கூடும் என்ற வாக்கியத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடையாது. நைட்ரேட் ஏறக்குறைய இல்லவே இல்லாத நீரில்தான் இது தழைக்கிறது. காற்றிலிருந்து நீரில் கரைந்த நைட்ரஜன் வாயுவையே உரமாக மாற்றிக்கொள்ளும் திறன் இதற்கு உண்டு; அந்தத் திறன் இல்லாத எல்லாரும் பட்டினி கிடக்கும்போது இதற்குப் போட்டியே இல்லை. செல்லுக்குள் வாயுக் குமிழ்கள் இருப்பதால் மேலே மிதக்கிறது. அமைதியான நீர் அதற்கு வசதி. நைட்ரஜன் கிடைத்தாலும் பாஸ்பரஸும் இரும்பும் அதற்கும் தேவை. ஆகவே அதன் பெருக்கமும் எல்லையற்றது அல்ல. கச்சான் எழுந்து நீர் புரளத் தொடங்கியதும் கோடுகள் மறைந்துவிடும்.

6 ஏப்ரல் 2025

நுண்ணோக்கி இல்லாமல் இவற்றை வேறுபடுத்தி அறிய வழி உண்டா என்று கேட்ட மூவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஓரளவு உண்டு. நிறம் மாறிய நீரை ஒரு நிறமற்ற கண்ணாடிக் குடுவையில் எடுத்து, நிழலில், அசைக்காமல் கால்மணி நேரம் வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் உருண்டைகள் மேலே பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ படர்ந்தால் நாக்டிலூகா. வெட்டிய நூல் துண்டுகள் போன்றவை மேலேறி மிதந்தால் டிரைக்கோடெஸ்மியம். எதுவும் மேலே வராமல், சில மணி நேரம் கழித்து அடியில் பழுப்பாக மெல்லிய படிவு தெரிந்தால் பெரும்பாலும் டயட்டம். மணலும் வண்டலும் அப்படியே படியும் என்பதால், படிவு சாம்பல் நிறமாக இருந்தால் டயட்டம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

மற்றொரு குடுவையில் அதே நீரை எடுத்து, செல்களைக் கெடாமல் காக்கும் லூகால் அயோடின் கரைசலைச் சில துளிகள் விட்டு, மூடி, இருட்டில் வைத்தால் பிறகு யாராவது எண்ணிப் பார்க்கலாம். நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு கடந்த ஒரு வாரம் காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வீசியது, மழை எப்போது பெய்தது என்பதையும் அந்தக் குடுவையிலேயே எழுதி ஒட்டுங்கள். காற்றின் குறிப்பு இல்லாமல் வரும் மாதிரிகளில், என்ன பெருகியது என்று சொல்ல முடிகிறது. ஏன் பெருகியது என்று சொல்ல முடிவதில்லை.